ஸ்லாப் பெட்டியைத் திறந்து ஒட்டியிருக்கிறார்களா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

காசுகளைத் தரம் பிரிக்கும் அமெரிக்க நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் தொடங்கிய பிறகுதான் காசைத் தரம் பிரித்து, 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து விற்பது பெரிய சந்தையாக வளர்ந்தது. அந்தப் பெட்டியைத்தான் ஸ்லாப் என்கிறோம். திருகோணமலையிலும் ஸ்லாப் வாங்குவோர் இருக்கிறார்கள். விக்டோரியா ரூபாய், இங்கிலாந்துப் பவுண், இலங்கையின் 1870 செப்புச் சதங்கள், 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் வெள்ளிக் காசு ஆகியவற்றுக்குக் கேள்வி அதிகம்.

ஏமாற்று இரண்டு வகைப்படும். ஒன்றில் பெட்டி, லேபிள், காசு மூன்றுமே போலி. லேபிளில் உள்ள சான்றிதழ் இலக்கம் மட்டும் உண்மையான ஒரு ஸ்லாப்பிலிருந்து எடுத்தது. இப்படிச் சீனாவில் தயாரான பெட்டிகளைப் பற்றி இரு நிறுவனங்களும் 2008இலேயே எச்சரித்துவிட்டன. மற்றதில் பெட்டி உண்மை, லேபிள் உண்மை, இலக்கமும் உண்மை. பெட்டியைப் பிளந்து, உள்ளே இருந்த நல்ல காசை எடுத்து, தரம் குறைந்ததையோ போலியையோ வைத்து மீண்டும் ஒட்டியிருப்பார்கள். இந்த இரண்டாவது வகைதான் கூடுதல் ஆபத்து. ஹொலோகிராம், பார்கோட், இலக்கம், போனில் வாசிக்கும் சில்லு எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் சாட்சி. உள்ளே இருப்பது அந்த இலக்கத்துக்குரிய காசுதானா என்பதைக் காசைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கீழே வரும் எல்லாச் சோதனையும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

தேவையான சாமான்: நகை வேலை செய்வோர் பாவிக்கும் 10 மடங்கு லென்ஸ், சிறிய எல்.ஈ.டி. டோர்ச், 365 நானோமீற்றர் புற ஊதா டோர்ச், நியோடிமியம் காந்தம் ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் தராசு. இவற்றோடு, அதே நிறுவனத்தின் அதே காலத்துப் பெட்டியில் உள்ள, நம்பகமான இன்னொரு ஸ்லாப் கையில் இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். ஒப்பிட எதுவும் இல்லாமல் லென்ஸை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும்.

விளிம்பில் வெள்ளைக் கோடு அல்லது பால்போன்ற மங்கல்

பெட்டியின் இரு பாதிகளையும் மீயொலி அதிர்வால் உருக்கி இணைக்கிறார்கள். பசை பாவிப்பதில்லை. ஆகவே விளிம்பில் பசையின் அடையாளம் எங்கே கண்டாலும் அது பிழை.

டோர்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடியுங்கள். நாலு பக்கத்தையும் மெதுவாகச் சுற்றி வாருங்கள். குலையாத இணைப்பு ஒரே அகலத்தில், ஒரே தன்மையில் ஓடும். அங்கங்கே பிளாஸ்டிக் சிறிது வழிந்த தடம் இருந்தால் பயமில்லை. பிளந்து ஒட்டியதில் பின்வருபவை தென்படும்:

கிழிந்த இடம் சொரசொரப்பாக வெளுத்திருக்கும், ஆனால் அந்த வெளுப்பு தொடர்ச்சியாக இராது. பசை ஊறிய இடத்தில் வெளுப்பு மறைந்து கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். ஊறாத இடம் வெள்ளையாகவே நிற்கும். இப்படித் துண்டுதுண்டாக மாறிமாறி வருவதே முக்கியமான அறிகுறி. லென்ஸில் பார்த்தால் அந்தத் தெளிந்த பகுதிக்குள் சிறு காற்றுக்குமிழ்கள் தெரியும்.

சுப்பர் குளூ பாவித்திருந்தால் இணைப்பை ஒட்டிய உட்பக்கத்தில் மாவு தூவியதுபோல் வெண்புகை படிந்திருக்கும். அந்தப் பசை காயும்போது எழும் ஆவி அருகிலேயே படிவதால் இது வருகிறது. வெளியே துடைத்தாலும் போகாது.

நீண்ட விளிம்புகளில், குறிப்பாக லேபிளுக்கு எதிர்ப்பக்க முனையில், கத்தி நுழைந்த சிறு வெட்டுகளோ, இடுக்கியில் வைத்து நெரித்த இணைகோடுகளோ இருக்கலாம். நகத்தை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பாதி மற்றதைவிடத் துளி வெளியே தள்ளி நின்றால் நகம் தட்டும்.

பிறகு அறையை இருட்டாக்கிப் புற ஊதா டோர்ச்சை அடியுங்கள். சில பசைகள் நீலமாக ஒளிரும். ஒளிராவிட்டால் பசை இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம், எல்லாப் பசையும் ஒளிராது. அதேபோல் பெட்டி முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் அது பிளாஸ்டிக்கின் இயல்பு. விளிம்பில் மட்டும் கோடாகவோ திட்டாகவோ ஒளிர்ந்தால்தான் கணக்கில் எடுக்கலாம்.

பெட்டியின் முகப்பில் மங்கல், ஆனால் விளிம்பு சுத்தம்

பெரும்பாலும் இது ஏமாற்று இல்லை. நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது: கையில் நுளம்புத் தைலம் பூசிக்கொண்டு பெட்டியைத் தொடுவது. டீட் என்ற இரசாயனம் உள்ள தைலம் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். விரல் பட்ட இடம் ரேகையோடு வெளுத்துப்போகும். அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையின் ஆவியும் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும். மங்கல் வெளிப்பக்கமா உட்பக்கமா என்று பார்க்க, பெட்டியைச் சாய்த்து லென்ஸை மேற்பரப்பில் குவித்துப் பிறகு மெதுவாகக் கீழே இறக்குங்கள். எந்த ஆழத்தில் மங்கல் கூர்மையாகத் தெரிகிறதோ அந்த ஆழத்தில்தான் அது இருக்கிறது. வெளிப்பக்கமென்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அவ்வளவே. அசிற்றோன், தின்னர் ஆகியவற்றால் துடைக்கப் போகாதீர்கள். பெட்டி பாழாவதோடு, நீங்களே திறக்கப் பார்த்ததுபோல் ஆகிவிடும்.

இலக்கம் சரி, ஆனால் இணையத்தில் வரும் படமும் கையில் உள்ள காசும் ஒத்துவரவில்லை

முதலில் இலக்கத்தைச் சரியான இடத்தில்தான் பார்த்தீர்களா? லேபிளில் உள்ள கியூ.ஆர். குறியைப் போன் மூலம் ஸ்கேன் பண்ணி வரும் பக்கத்தை நம்ப வேண்டாம். போலி லேபிளில் அச்சிட்ட குறி போலிப் பக்கத்துக்கே கூட்டிப்போகலாம். நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்து, அங்கே இலக்கத்தைப் போடுங்கள். என்.ஜி.சி.யில் இலக்கத்தோடு தரத்தையும் கேட்கும். நாடு, ஆண்டு, மதிப்பு, தரம் நாலும் லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். கழுவிய காசு என்ற குறிப்பை லேபிளில் அழித்து விற்பவர்களும் உண்டு. நிறுவனத்தின் பதிவில் அது அப்படியே இருக்கும். பி.சி.ஜி.எஸ்.இல் கழுவியதற்கான குறியீடு 92.

இனிப் படம். இந்தப் பகுதிக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும், அரை மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை.

படத்தை இயன்ற அளவு பெரிதாக்கி, காசில் மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கூட்டு முகம்போல் எண்ணி, எந்த இலக்கத்துக்கு நேரே, விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே என்று குறித்துக்கொள்ளுங்கள். விக்டோரியா ரூபாயென்றால் ராணியின் கன்னத்தில் ஒன்று, முகத்துக்கு முன்னால் உள்ள வெறும் பரப்பில் ஒன்று, எழுத்துகளுக்கு இடையே ஒன்று. காசு பெட்டிக்குள் சுழன்றிருக்கலாம் என்பதால் காசின் தலையை 12 மணியாக வையுங்கள், பெட்டியின் மேற்பக்கத்தை அல்ல.

எந்த அடையாளத்தைத் தேர்வது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். காசு அடிக்கும் அச்சு வெடித்ததால் வரும் மேடான கோடு அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் இருக்கும். அதை வைத்து ஒரு காசை அடையாளம் காண ஏலாது. காசோடு காசு மோதி விழுந்த பள்ளமான வடுவே ஒவ்வொரு காசுக்கும் தனி. வடு ஒருநாளும் மறையாது. படத்தில் கன்னத்தில் ஒரு வடு இருந்து, கையில் உள்ளதில் இல்லையென்றால் அது வேறு காசு. இதில் விவாதமே இல்லை. மறுபக்கமாக, கையில் உள்ளதில் படத்தில் தெரியாத சிறு கோடு இருந்தால் உடனே பதற வேண்டாம். அது பெட்டியின் பிளாஸ்டிக்கில் விழுந்த கீறலாக இருக்கலாம், அல்லது படம் எடுத்த ஒளியின் கோணத்தில் தெரியாமல் போயிருக்கலாம்.

நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி இல்லை. நம் ஊரின் உப்புக் காற்றில் வெள்ளி சில ஆண்டுகளில் மஞ்சளாகி விளிம்பில் நீலம் ஏறும். செம்பு சிவப்பிலிருந்து கபிலமாகும். நிறம் ஏறுவது இயல்பு. ஆனால் படத்தில் ஆழ்ந்த நிறம் ஏறிய காசு, கையில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறதா? பெட்டிக்குள் இருக்கும்போது நிறம் தானாக இறங்காது. ஒன்றில் காசு மாறியிருக்கிறது, அல்லது யாரோ எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு நுணுக்கம். போலி செய்வோர் உண்மையான காசிலிருந்து நேரே அச்செடுப்பார்கள். அப்போது அந்தக் காசின் வடுக்களும் எல்லாப் போலிகளிலும் அப்படியே வரும். மூன்று அடையாளமும் ஒத்துப்போய், காசு போலியாக இருக்க இடமுண்டு. லென்ஸில் வடுவின் அடியைப் பாருங்கள். உண்மையில் மோதி விழுந்த வடுவின் அடி, சுற்றிலும் உள்ள பரப்பைவிட வேறு விதமாக மினுங்கும். ஓரத்தில் உலோகம் சிறிது மேலெழும்பி நிற்கும். அச்சிலிருந்து வந்த வடு மழுங்கியிருக்கும். அதன் அடியிலும் பரப்பிலும் ஒரே மினுக்கம் ஓடும்.

இலங்கைக் காசில் நமக்கு ஒரு வசதி உண்டு. 1870 சதங்களில் பனைமரத்தோடு சிங்களமும் தமிழும் பொறித்திருக்கும். அந்தத் தமிழ் எழுத்துகளை லென்ஸில் வாசியுங்கள். போலியில் சுழிகள் ஒட்டிப்போய், கொம்பு அறுந்து, வடிவம் தெரியாமல் நகலெடுத்ததுபோல் இருக்கும். உலகத்தில் பெரும்பாலான சேகரிப்பாளர்களுக்கு இது வெறும் கோலம். நமக்கு வாசிக்கத் தெரியும்.

இலக்கத்துக்குப் படமே வரவில்லை

பழைய ஸ்லாப்கள் பலவற்றுக்குப் படம் இராது. அது குற்றமில்லை. ஹெரிட்டேஜ் போன்ற பெரிய ஏல நிறுவனங்களின் பழைய பதிவுகளில் அந்த இலக்கத்தையோ அதே ஆண்டு, அதே தரக் காசையோ தேடுங்கள். ஏலம் போன காசுக்குப் பெரிய படம் கிடைக்கும். அங்கேயும் இல்லாவிட்டால் விளிம்பும் எடையும்தான் மிச்சம். விலை உங்களுக்குத் தாங்காத தொகையென்றால், படம் உள்ள வேறொரு ஸ்லாப்பைத் தேடுவதே நல்லது.

குலுக்கினால் காசு சத்தம் போடுகிறது

பி.சி.ஜி.எஸ்.இன் ஆரம்பகாலச் சிறிய பெட்டிகளில் காசு குலுங்கும். அது அந்தப் பெட்டியின் இயல்பு. பல சேகரிப்பாளர்கள் அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். பிற்காலப் பெட்டிகளில் காசைச் சுற்றி அளவாக வெட்டிய வளையம் இருப்பதால் குலுங்கக் கூடாது. குலுங்கினால் வளையத்துக்கும் காசுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி தெரிந்தால், வேறு விட்டமுள்ள காசை வைத்திருக்கச் சந்தர்ப்பம் உண்டு. வளையம் கசங்கி, ஓரிடத்தில் கத்தி பட்டுச் சிராய்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். காசு சற்றுச் சரிந்து சுழன்று நிற்பது மட்டும் எதையும் காட்டாது, தபாலில் அப்படி நடக்கும்.

வளையத்தின் மடிப்பில் பிளாஸ்டிக் தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நூலிழை இருப்பது பெரிய விஷயமில்லை. அரத்தால் ராவியதுபோல் பிளாஸ்டிக் துகள்கள் கிடந்தால் பெட்டியை யாரோ அறுத்திருக்கிறார்கள்.

ஹொலோகிராம் பளிச்சிடுகிறது, போனில் சில்லு வேலை செய்கிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை

மனம் ஒப்பாதது சரிதான். அண்மைக்காலப் பி.சி.ஜி.எஸ். பெட்டிகள் பலவற்றில் உள்ள என்.எஃப்.சி. சில்லு வேலை செய்தால், அந்தப் பெட்டி முழுப் போலி இல்லையென்ற நம்பிக்கை கூடும். பெட்டியைத் திறந்து காசை மாற்றியிருந்தாலும் சில்லு வழமைபோல் வேலை செய்யும். சில்லு வேலை செய்யவில்லையென்றால் முதலில் போனில் என்.எஃப்.சி. திறந்திருக்கிறதா, அந்தக் காலத்துப் பெட்டியில் சில்லு உண்டா என்று பாருங்கள்.

லேபிளில் கவனிக்க வேண்டியவை: எழுத்தின் தடிமன், வரிகளுக்கிடையிலான தூரம், பார்கோடின் கூர்மை. கோடுகளின் ஓரம் லென்ஸில் புள்ளிபுள்ளியாகப் பிசிறினால் வீட்டு இன்க்ஜெட்டில் அச்சிட்டதாக இருக்கலாம். தெரிந்த ஸ்லாப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எழுத்துருவைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். நிறுவனங்கள் லேபிளைப் பலமுறை மாற்றியிருக்கின்றன.

காசு இலேசாகத் தோன்றுகிறது

பெட்டியோடு சேர்த்து எடை பார்த்தாலும் பயன் உண்டு. ஒரே காலத்துப் பெட்டியில் அதே வகைக் காசு உள்ள இரண்டு ஸ்லாப்களைத் தராசில் வையுங்கள். 1957 ஐந்து ரூபாய் 925 தர வெள்ளி, 28.28 கிராம். அதே பருமனில் செப்பு-நிக்கலில் செய்தால் 24 கிராம் அளவில்தான் வரும். இங்கிலாந்துப் பவுண் 7.98 கிராம், அதே அளவில் பித்தளையில் செய்தால் 4 கிராமைத் தாண்டாது. இரண்டிலும் 4 கிராம் அளவு வித்தியாசம் வருகிறது. அதே காலத்து இரு பெட்டிகளின் எடை அவ்வளவு வேறுபடாது. விக்டோரியா ரூபாய் 11.66 கிராம்தான் என்பதால் அங்கே வித்தியாசம் 1.5 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். பல ஸ்லாப்களை நிறுத்துச் சராசரி பார்த்தாலொழிய நம்ப வேண்டாம்.

காந்தத்தைப் பெட்டியின் மேல் வைத்து நகர்த்துங்கள். வெள்ளி, பொன், செம்பு எதையும் காந்தம் இழுக்காது. இழுத்தால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது. சோதனை அதோடு முடிந்தது. இழுக்காவிட்டால் எதுவும் உறுதியாகவில்லை, பித்தளையையும் காந்தம் இழுக்காது.

மூலை உடைந்து வந்து சேர்ந்தது

கொழும்பில் சுங்கம் பொதியின் வெளியுறையைத் திறந்து பார்ப்பது வழக்கம். உறை ஒட்டப்பட்டிருப்பதை வைத்து ஸ்லாப்பைச் சந்தேகிக்காதீர்கள். விழுந்து உடைந்த பெட்டியில் விரிசல் ஒரு மூலையில் தொடங்கிக் குறுக்கே ஓடும், ஓரங்கள் கூராக இருக்கும், துண்டு பொதிக்குள்ளேயே கிடக்கும். பிளந்ததில் விரிசல் இணைப்பின் வழியே போகும். துண்டு பொதிக்குள் இல்லையென்றால் அது அனுப்பும் முன்பே உடைந்திருக்கலாம். எதுவானாலும் ஒட்டாதீர்கள். பெட்டியில் கைவைத்த அடையாளம் இருந்தால் நிறுவனத்தின் உத்தரவாதம் செல்லாது.

இன்னும் வாங்கவில்லை, படம் மட்டும் இருக்கிறது

நேரே முன்னால் எடுத்த படத்தில் விளிம்பு தெரியாது. விற்பவரிடம் இப்படிக் கேட்கலாம்: "அண்ணா, பெட்டியின் நாலு விளிம்பையும் பக்கத்தால டோர்ச் அடிச்சுக் கிட்டவா எடுத்து அனுப்புவீங்களா? இண்டைக்குத் திகதி எழுதின துண்டோட, இலக்கம் தெரியிற மாதிரி ஒரு படமும் வேணும்." உண்மையாக விற்பவருக்கு ஐந்து நிமிட வேலை. மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த ஊர் திருகோணமலை. பழைய வீடுகளில் பவுணும் வெள்ளிக் காசும் இருப்பது புதினமில்லை. ஆனால் தாத்தா காலத்திலிருந்தே இந்தப் பெட்டியில்தான் இருந்தது என்று ஒருவர் சொன்னால், மேலே சொன்ன 1986, 1987ஐ நினைத்துப் பாருங்கள். யார், எப்போது தரம் பிரிக்க அனுப்பினார்கள், பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளூரில் வாங்கினால் பகல் வெளிச்சத்தில் சந்தித்து, சோதித்து முடித்த பிறகே வங்கியில் பணம் போடுங்கள். போட்ட பணத்தைத் திருப்பி எடுப்பது மிகக் கடினம்.

சந்தேகம் உறுதியாகிவிட்டது

பெட்டியை உடைத்துப் பார்க்க வேண்டாம். உடைத்தால் உங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் போய்விடும். ஆதாரம் கைவசம் இருக்க, பொதி வந்தவுடன் முத்திரை, முகவரி, திறப்பது, இலக்கம், நாலு விளிம்பு எல்லாம் வெட்டில்லாமல் ஒரே காணொளியாக எடுத்து வைப்பது நல்லது. ஈபேயில் வாங்கியிருந்தால் பொருள் கிடைத்து 30 நாளுக்குள் முறைப்பாடு போட வேண்டும். பேபாலில் பணம் செலுத்தியிருந்தால் 180 நாள் அவகாசம் உண்டு. நண்பருக்கு அனுப்புவதாகக் காட்டி அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. படங்களைத் தரம் பிரித்த நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். அவர்கள் எழுதித் தரும் பதில் முறைப்பாட்டுக்குப் பலம்.

திருப்பி அனுப்பும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தபால் விதிகள் நாணயம் அனுப்பக் கட்டுப்பாடு வைத்திருப்பதால், எந்த முறையில் அனுப்பலாம் என்று முதலில் தபாலகத்தில் கேளுங்கள். ஒல்லாந்தக் கம்பனியின் துட்டுகள், 1803 யானைக் காசு போன்றவை 1815 மார்ச் 2க்கு முந்தியவை என்பதால் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஏலாது. அனுமதி வருவதற்குள் ஈபேயின் 30 நாளும் ஓடிவிடலாம் என்பதால், அந்தக் காலத்துக் காசை வெளிநாட்டிலிருந்து ஸ்லாப்பில் வாங்கும் முன்னரே, பிழைத்தால் திருப்பி அனுப்பாமல் பணம் மீளக் கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.